கரண்ட் அடுப்புக்குக் காவல் வந்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன மாதம் அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, கரண்ட் அடுப்பு மறுபடியும் போச்சு. ரெண்டு வருஷத்துல இது மூணாவது தடவை. மெக்கானிக் ஐஜிபிடி போச்சுங்கறார். ஒவ்வொரு தடவையும் அதே ஐஜிபிடிதான் போகுது. பாட்டியோட பம்பு ஸ்டவ் முப்பது வருஷம் உழைச்சுதே, இது மட்டும் ஏன் இவ்வளவு நோஞ்சானா இருக்கு? நீங்க பிசிக்ஸ் வாத்தியார்தானே, சொல்லுங்க" என்றாள்.

பிசிக்ஸ் வாத்தியாரால் அந்த நிமிஷம் பதில் சொல்ல முடியவில்லை. ஃபாரடே விதியைச் சொல்லலாம். அதனால் அவளுக்கு என்ன பயன்? ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன், அடுப்பைத் திறந்தும் பார்த்தேன். பிறகுதான் புரிந்தது, அவள் கேட்டது இயற்பியல் கேள்வி அல்ல, சரித்திரக் கேள்வி என்று. சூடு உண்டாக்கும் வித்தை நமக்குக் கிடைத்து நூற்றெழுபது வருஷம் ஆகிறது. அந்த வித்தையைச் செய்யும் கருவி தன்னைத் தானே எரித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் வித்தைதான் நேற்று வந்தது.

1831-ல் ஃபாரடே செய்த சோதனையை நான் மறுபடி சொல்லப் போவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் போதுமான அளவு என்னிடம் மாட்டிக்கொண்டீர்கள். நம் கதைக்கு முக்கியமான ஆள் லெயோன் ஃபூக்கோ. ஊசலைத் தொங்கவிட்டு பூமி சுழல்வதைப் பாரிஸ்காரர்களுக்குக் கண்ணாரக் காட்டினாரே, அதே மனிதர். 1855-ல் அவர் ஒரு செம்புத் தட்டைக் காந்த முனைகளுக்கு நடுவே சுழற்றினார். காந்தம் வந்ததும் தட்டைச் சுற்றுவது கடினமாயிற்று, தட்டு சூடேறியது. நெருப்பு இல்லை, உரசல் இல்லை, உலோகத்துக்குள்ளேயே மின்னோட்டம் சுழித்துச் சுழித்து ஓடி அதைச் சூடாக்கியது. பாடப் புத்தகத்தில் 'சுழல் மின்னோட்டம்' என்று படித்தது இதுதான். மின்மாற்றியின் இரும்பு உள்ளகத்தை மெல்லிய தகடுகளாக அடுக்கி வைப்பது ஏன் என்று இரண்டு மதிப்பெண் கேள்வி வருமே, அது இந்தச் சுழல் மின்னோட்டத்தை விரட்டத்தான். அங்கே அது திருடன். இங்கே அதே திருடனைக் கூப்பிட்டுச் சமையல் வேலை கொடுத்திருக்கிறோம்.

முதலில் வேலை கொடுத்தவர்கள் சமையல்காரர்கள் அல்ல, இரும்பு உருக்குபவர்கள். 1900-ல் ஸ்வீடனில் யீசிங்கே என்ற ஊரில் செல்லின் என்பவர் மின்தூண்டலால் எஃகு உருக்கும் உலையை ஓடவிட்டார். பிறகு பல நாடுகளிலும் அந்த உலைகள் வந்தன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உலைக்குப் பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள் நிற்பான். மீட்டரைப் பார்ப்பான், சத்தத்தைக் கேட்பான், ஏதோ சரியில்லை என்று பட்டால் சுவிட்சை இழுத்துவிடுவான். உலையின் பாதுகாப்பு அந்த மனிதனின் கண்ணிலும் கையிலும் இருந்தது. வீட்டில் அப்படி யார் நிற்பது? பால் வைத்துவிட்டு வாசலில் பேசிக்கொண்டிருப்பது நம் தேசிய குணம்.

இன்னொரு தடையும் இருந்தது. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைகிறது. ஒரு சின்னப் பாத்திரத்தைச் சூடாக்க அந்த வேகம் போதாது; மிகப் பெரிய கம்பிச்சுருள் வேண்டும், பாத்திரமும் கடகடவென்று அதிரும். விநாடிக்கு 20,000 அலைவுக்கு மேல் போனால்தான் காதுக்குக் கேட்காது. அதில் இன்னொரு லாபமும் உண்டு. அந்த வேகத்தில் இரும்புப் பாத்திரத்தின் அடியில் மின்னோட்டம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆழத்துக்குள்ளேயே நெருங்கி ஓடுகிறது. குறுகிய சந்தில் கூட்டம் நுழைந்தால் எப்படி இருக்கும்? உரசல்தான், சூடுதான். அலுமினியப் பாத்திரத்தில் சந்து அகலம், மின்தடையும் குறைவு. அதனால்தான் அது இந்த அடுப்பில் வேகாது.

ஆக, வேண்டியது ஒரு சுவிட்ச். விநாடிக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் முறை திறந்து மூட வேண்டும். அதுவும் இரண்டாயிரம் வாட்டைச் சுமந்துகொண்டு. நூறு வருஷம் இந்த அடுப்பைக் காக்க வைத்தது இந்தச் சுவிட்ச்தான்.

1950-களின் நடுவில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிரிஜிடேர் பிரிவு ஊர் ஊராகப் போன ஒரு கண்காட்சியில் இந்த அடுப்பைக் காட்டியது. அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் நடுவே ஒரு செய்தித்தாளை வைத்தார்கள். தண்ணீர் கொதித்தது, தாள் எரியவில்லை. கூட்டம் வாயைப் பிளந்திருக்கும். ஆனாலும் அந்த அடுப்பு கடைக்கு வரவே இல்லை. (இந்தச் செய்தித்தாளை மறந்துவிடாதீர்கள். பின்னால் வேறு உருவத்தில் வரும்.)

1957-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் தைரிஸ்டர் பிறந்தது. வெற்றிடக் குழாய்கள் செய்த கனமான வேலைகளை ஒரு சின்னச் சிலிக்கான் துண்டு செய்ய ஆரம்பித்தது. அதற்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒருமுறை மின்சாரத்தை விட்டால், மின்னோட்டம் தானாக நிற்கும் வரை கதவை மூடாது. வாயிலில் நிற்கும் கட்டுப்பாட்டுக்கு 'திற' என்று சொல்லத் தெரியும், 'மூடு' என்று சொல்லும் அதிகாரம் கிடையாது. இந்தக் குணத்தையும் நினைவில் வையுங்கள்.

வீட்டுக்கான முதல் உருப்படியான அடுப்பைச் செய்தது வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடம். 1971-ல் ஹூஸ்டன் நகரில் வீடு கட்டுவோர் மாநாட்டில் ஒற்றை அடுப்பாகக் காட்டினார்கள். பிறகு நாலு அடுப்புடன் 'கூல் டாப் 2' என்ற பெயரில் 1973 முதல் 1975 வரை செய்து விற்றார்கள். விலை 1,500 டாலர், பாத்திரங்கள் உட்பட. அந்தக் காலத்தில் அது சாதாரணக் குடும்பம் நினைத்தும் பார்க்க முடியாத தொகை. ஒவ்வோர் அடுப்பும் 1,600 வாட், விநாடிக்கு 25,000 அலைவு. சுவிட்சாக அவர்கள் எடுத்துக்கொண்டது கார் எஞ்சினில் தீப்பொறி மூட்டும் எலக்ட்ரானிக் அமைப்புக்காகச் செய்யப்பட்ட டிரான்சிஸ்டர்களை. காரில் பொறி வைக்கும் சாமானைக் கொண்டுவந்து சமையலறையில் நிறுத்திய துணிச்சலை நான் ரசித்தேன்.

ஆனால் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறு. அந்த அடுப்பிலேயே, 1973-லேயே, பாத்திரம் இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்கும் ஏற்பாடு இருந்தது. பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடானால் தடுக்கும் ஏற்பாடு இருந்தது. மின்பளு மீறினால் தடுக்கும் ஏற்பாடும் இருந்தது. அதாவது உலைக்கூடத்தில் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றானே அந்த ஆள், அவனை மின்சுற்றாக்கி அடுப்புக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். மற்றதெல்லாம் ஃபாரடேக்கும் ஃபூக்கோவுக்கும் சொந்தம். இது ஒன்றுதான் வெஸ்டிங்ஹவுஸ் பொறியாளர்கள் கொடுத்த சீதனம். பிபிசியின் அறிவியல் நிகழ்ச்சியில் இந்த அடுப்பின் மேல் ஒரு பனிக்கட்டிப் பாளத்தை வைத்து, அதன் மேல் சமைத்துக் காட்டினார்களாம். கூட்டம் பனிக்கட்டியைத்தான் பார்த்திருக்கும்.

1975-ல் நிறுவனம் வீட்டுச் சாதனப் பிரிவையே விற்றது, அடுப்பும் நின்றது.

இனி வருபவர் நமக்குக் கொஞ்சம் நெருக்கமானவர். ஜெயந்த் பாலிகா. 1948-ல் சென்னையில் பிறந்தார், பெங்களூரில் வளர்ந்தார், 1969-ல் சென்னை ஐஐடியில் மின்பொறியியல் பட்டம் பெற்றார். அமெரிக்கா போய் முனைவர் பட்டம் முடித்து ஜெனரல் எலெக்ட்ரிக் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார். 1980-ஐ ஒட்டி அங்கே அவர் முன் நின்ற பிரச்சினை மோட்டார்களின் வேகத்தைச் சிக்கனமாகக் கட்டுப்படுத்துவது. அடுப்பு அவர் மனதில் இருந்திருக்காது. அப்போது இருந்த சுவிட்சுகள் இரண்டு வகை. பழைய டிரான்சிஸ்டர் நிறைய மின்னோட்டம் சுமக்கும், ஆனால் அதை இயக்கவே கணிசமான மின்னோட்டம் வேண்டும். ஒரு மூட்டை அரிசியைத் தூக்கக் கால் மூட்டை அரிசி கூலி கேட்கிற ஆள் மாதிரி. மாஸ்ஃபெட் வகைக்குக் கூலியே வேண்டாம், மின்னழுத்தம் காட்டினால் போதும். ஆனால் அதிக வோல்ட்டுக்குச் செய்தால் மின்தடை ஏறிச் சூடாகிவிடும். பாலிகா இரண்டையும் ஒரே சிலிக்கானுக்குள் சேர்த்தார். அதுதான் ஐஜிபிடி. அக்கா மகள் வீட்டில் மூன்று முறை போனது இதுதான். 2024-ல் இதற்காக அவருக்குப் பின்லாந்தின் மில்லெனியம் தொழில்நுட்பப் பரிசு கொடுத்தார்கள். நம் செய்தித்தாள்களில் உள்பக்கத்தில் ஒரு மூலையில் வந்திருந்தது. அது இல்லாமல் இன்றைய மின்சார ரயில்கள் பலவும் ஓடாது, மின்சாரக் கார்கள் பலவும் ஓடாது.

ஆனால் பிறந்த குழந்தைக்கு ஒரு நோய் இருந்தது. ஐஜிபிடியின் அடுக்குகளுக்குள் ஒரு தைரிஸ்டர் ஒளிந்துகொண்டிருந்தது. மின்னோட்டம் ஓர் அளவைத் தாண்டினால் அது விழித்துக்கொள்ளும். அதன் குணம்தான் தெரியுமே, கதவை மூடச் சொன்னால் கேட்காது. கட்டுப்பாட்டுச் சுற்று 'மூடு, மூடு' என்று கத்திக்கொண்டே இருக்க, சுவிட்ச் எரிந்து போகும். காவல்காரன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தென்ன, தாழ்ப்பாள் அவன் பேச்சைக் கேட்காவிட்டால்?

பாலிகாவும் இதோடு மல்லுக்கட்டினார். முழுக்க அடக்கிக் காட்டியது ஜப்பானில் தோஷிபாவின் நாககாவா குழு, 1984-ல். அவர்கள் செய்த சோதனையை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. 1,200 வோல்ட் தாங்கும் ஐஜிபிடியை, நடுவில் எந்தப் பளுவும் இல்லாமல், 600 வோல்ட் மின்மூலத்தோடு நேராக இணைத்துத் திறந்துவிட்டார்கள். ஷார்ட் சர்க்யூட்டேதான். ஆய்வகத்தில் நீங்கள் இப்படிச் செய்திருந்தால் காதைத் திருகியிருப்பேன். 25 மைக்ரோ விநாடி, அதாவது ஒரு விநாடியில் 40,000-ல் ஒரு பங்கு நேரம், அப்படியே நிறுத்தினார்கள். பிறகு 'மூடு' என்றார்கள். மூடிக்கொண்டது. உயிரோடு இருந்தது.

25 மைக்ரோ விநாடி என்ன பெரிய நேரம் என்று கேட்பீர்கள். மின்சுற்றுக்கு அது தாராளமான அவகாசம். ஏதோ தப்பு நடக்கிறது என்று உணர்ந்து, சுவிட்சை மூடச் சொல்ல அது போதும். சுவிட்ச் கொஞ்சம் தாக்குப்பிடிக்க வேண்டும், அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் காவல் ஓடிவர வேண்டும். தானியங்கிப் பாதுகாப்பு என்பதே இந்தப் பந்தயம்தான்.

இப்போது அக்கா மகள் வீட்டு அடுப்பைத் திறப்போம். நம் வீடுகளில் விற்கிற ஒற்றை அடுப்புகள் பெரும்பாலும் ஒரே ஐஜிபிடியில் ஓடுகின்றன. கம்பிச்சுருளும் மின்தேக்கியும் (கடையில் கண்டென்சர் என்பார்கள்) சேர்ந்து ஓர் ஊஞ்சல். ஐஜிபிடி அதைத் தள்ளிவிடுகிறவன். ஊஞ்சல் போய்த் திரும்பும்போது ஐஜிபிடியின் மேல் ஆயிரம் வோல்ட்டுக்கும் மேல் எழும்பும். வீட்டுக்கு வருவது 230 தானே, ஆயிரம் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். ஊஞ்சலைத் தள்ளத் தள்ள உயரம் ஏறுவது போலத்தான். ஊஞ்சல் பக்கத்தில் வந்து, வோல்ட் பூஜ்யத்தைத் தொடும் கணத்தில்தான் அடுத்த தள்ளு. முன்கூட்டியே கையை நீட்டினால் ஊஞ்சல் பலகை முகத்தில் அடிக்கும், ஐஜிபிடி காலி. அந்தக் கணத்தைக் கண்டுபிடிக்க, இரண்டு மின்னழுத்தங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு சின்னச் சில்லு. எல்எம்339 என்று முதுகில் எழுதியிருக்கும். இன்னொரு ஒப்பீடு, உயரம் எல்லை மீறுகிறதா என்று பார்த்து அடுத்த தள்ளைக் குறைக்கிறது. இன்னொன்று, வெளியே மின்கம்பியில் திடீர் எழுச்சி வந்தால் ஆட்டத்தையே சில விநாடி நிறுத்துகிறது. மின்னோட்டத்தை அளக்கத் தனியாக ஒரு குட்டிச் சுருள். இவையெல்லாம் மைக்ரோ விநாடிக் காவல். சூடு இவ்வளவு அவசரப்படாது. கண்ணாடிக்கு அடியில் ஒரு தெர்மிஸ்டர், ஐஜிபிடி உட்கார்ந்திருக்கும் அலுமினியத் துண்டின் மேல் இன்னொரு தெர்மிஸ்டர். இவற்றை உள்ளே இருக்கும் குட்டிக் கணினி நிதானமாகப் படித்துக்கொண்டிருக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பாத்திரத்தைக் கண்டுபிடிக்கும் முறை. அடுப்பு ஊஞ்சலை ஒரே ஒருமுறை தள்ளிவிட்டு, அது தானாக எத்தனை ஆட்டம் ஆடுகிறது என்று எண்ணுகிறது. மேலே பாத்திரம் இருந்தால் அது சக்தியை உறிஞ்சும், ஊஞ்சல் சில ஆட்டத்தில் நின்றுவிடும். இல்லாவிட்டால் ஆடிக்கொண்டே இருக்கும். பாத்திரத்தை எடுத்தவுடன் டிக், டிக் என்று ஒரு சத்தம் கேட்குமே, அடுப்பு எண்ணிப் பார்க்கிறது. பத்து ரூபாய் கூடப் பெறாத ஏற்பாடு என்றுதான் தோன்றுகிறது, ஆனால் என்ன அழகு!

ஃபியூஸ் எதற்கு இருக்கிறது என்று ஒரு முன்னாள் மாணவர் முன்பு கேட்டிருந்தார். ஃபியூஸ் உருக மில்லி விநாடிகள் ஆகும். ஐஜிபிடி சாக மைக்ரோ விநாடிகள் போதும். ஃபியூஸ் ஐஜிபிடியைக் காப்பாற்ற அல்ல, ஐஜிபிடி செத்த பிறகு வீட்டைக் காப்பாற்ற. ஃபியூஸ் போனால் அந்த இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றிக் கொடுக்கும் ஆளிடம் தயவுசெய்து அடுப்பைக் கொடுக்காதீர்கள்.

2012 செப்டம்பரில் மானிய சிலிண்டர் ஆண்டுக்கு ஆறுதான் என்று அரசு அறிவித்தது நினைவிருக்கும். அடுத்த ஜனவரியில் ஒன்பதாக்கினார்கள், 2014-ல் பன்னிரண்டு. அந்த ஆறு சிலிண்டர் பயத்தில்தான் நம் சொந்தத்தில் பல வீடுகளுக்குக் கரண்ட் அடுப்பு வந்தது. அதே சமயத்தில் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்பதும் நினைவிருக்கும். போன மின்சாரம் திரும்பி வரும்போது நிதானமாக வருவதில்லை. அந்த வருஷங்களில் இந்தக் காவல்காரர்கள் ஓய்வு அறியாமல் உழைத்திருப்பார்கள்.

சரி, அவள் வீட்டுக்குப் போனேன். புதிதாக ஒரு மெக்கானிக் வந்திருந்தார், முப்பது வயது இருக்கும். அவர் அடுப்பைத் தூக்கியதும் அடியில் விரித்திருந்த செய்தித்தாளும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. "இதை யாரும்மா வச்சது?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். சமையல் மேடை எண்ணெய்ப் பிசுக்காகாமல் இருக்கும், அடியில் தாள் போட்டுக்கொள் என்று இரண்டு வருஷத்துக்கு முன் சொன்னது நான்.

அடுப்பின் விசிறி காற்றை இழுப்பது அடிப்பக்கத்திலிருந்து. தாளை உறிஞ்சிக்கொண்டு மூச்சு முட்டிப் போயிருந்தது. "திரையில ஈ எழுத்துப் போட்டு ஒரு நம்பர் வந்துதா?" என்று கேட்டார். வந்ததாம். மாதக்கணக்கில் வந்ததாம். "வந்தா பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகுவேன் அண்ணா, வேலை செய்யும்" என்றாள். பிளக் பாயிண்டையும் பார்த்தார். ஆறு ஆம்பியர் பாயிண்ட், தளதளவென்று ஆடியது. 2,000 வாட்டை 230-ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர். இந்தக் கணக்கை எத்தனை பேருக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருப்பேன்! ஆடும் பிளக் ஒவ்வொரு முறை பொறி தட்டும்போதும் ஐஜிபிடிக்கு ஓர் அடி.

இன்னொன்றும் என் தலையில்தான் விழுந்தது. வேலை முடிந்ததும் சுவரில் சுவிட்சை அணை என்று உங்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தேன். அவளும் என்னிடம் படித்தவள். சமையல் முடிந்த கையோடு சுவரில் அணைத்துவிடுவாள். உள்ளே சூட்டைத் தணிக்க விசிறி இன்னும் ஒரு நிமிஷம் ஓடவேண்டும், அதற்கும் மின்சாரம் இல்லை. ஒரே நாளில் இதனால் அடுப்பு சாகாது, ஆயுள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். மற்ற சாதனங்களுக்கு நான் சொன்னது சொன்னதுதான். இந்த அடுப்புக்கு மட்டும் திருத்தம்: முதலில் அடுப்பின் பொத்தானில் அணையுங்கள், விசிறிச் சத்தம் நின்ற பிறகு சுவரில் அணையுங்கள்.

முன்பு வந்த இரண்டு பேரும் ஐஜிபிடியை மாற்றிக் காசு வாங்கிப் போனார்கள், ஏன் போனது என்று பார்க்கவில்லை. இவர் விசிறியைச் சுத்தம் செய்தார், மின்தேக்கியை அளந்தார், தெர்மிஸ்டரைப் பார்த்தார், பிறகுதான் ஐஜிபிடியை வைத்துப் பற்றவைத்தார். உடனே மின்சாரம் கொடுக்கவில்லை. பையிலிருந்து ஒரு பலகை எடுத்தார். அதில் பழைய நூறு வாட் குண்டு பல்பு. அடுப்பையும் பல்பையும் தொடராக இணைத்தார். உள்ளே எங்காவது ஷார்ட் மிச்சம் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், புது ஐஜிபிடி பிழைத்துக்கொள்ளும். வெஸ்டிங்ஹவுஸுக்கும் தோஷிபாவுக்கும் தெரியாத காவல் இது.

சுவிட்சைப் போட்டார். பல்பு ஒருமுறை பளிச்சென்று மின்னி அணைந்தது. பாத்திரத்தை வைத்து அடுப்பின் பொத்தானை அழுத்தினார். பல்பு மினுக், மினுக் என்று விட்டு விட்டு ஒளிர்ந்தது. "பாத்திரத்தைத் தேடுது சார்" என்றார். "இனிமே பல்பை எடுத்துடலாம்."

பதினாறு ஆம்பியர் பாயிண்ட் அடுத்த நாள் போட்டாயிற்று. செய்தித்தாளை நான் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.